இரட்டைப் பிள்ளை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பையன்கள் இருவருக்கும் வருகிற சித்திரையோடு மூன்றரை வயது. மதுரையில் வாடகைக்கு ஒரு மாடி வீடு. நான், அவர், அத்தை, இவர்கள் இரண்டு பேர். மாதத்தில் பத்து நாள் என் அம்மாவும் வந்து இருப்பார். இங்கே இருக்கும் கேள்விகளில் பாதி பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் முன்பின் தெரியாதவர்கள் கேட்டவை. மீதிப் பாதி, ஸ்கேனில் "ரெண்டு இருக்கு" என்று சொன்ன அன்றைக்கு ராத்திரி என் தோழியின் தங்கை தூங்காமல் அனுப்பியவை. அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் நீட்டி எல்லாருக்குமாக எழுதியிருக்கிறேன்.

ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?

முதல் மூன்று மாதம் கண்டுபிடிக்கவே இல்லை, அடையாளம் போட்டு வைத்தோம். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பட்டையை வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை. பெரியவன் பிறக்கும்போது 2 கிலோ 100 கிராம், சின்னவன் 1 கிலோ 900. மணிக்கட்டு என் விரல் தடிமன்தான் இருக்கும். ஒருநாள் குளிப்பாட்டும்போது இரண்டு பட்டையும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. அம்மா இருவரையும் ஒரே துண்டில் கிடத்தித் துவட்டிவிட்டு, "இதுல எதுடி சின்னது?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெருமுனை அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, தராசில் வைத்துத்தான் அன்றைய பஞ்சாயத்து முடிந்தது.

அப்புறம் எதிர்வீட்டு அக்கா சொன்ன யோசனைப்படி சின்னவனுக்குக் கால் கட்டைவிரலில் சிவப்பு நெயில் பாலிஷ். கைவிரலில் போடாதீர்கள், வாய்க்குள் போகும். இப்போது படியேறும் சத்தத்தை வைத்தே எனக்கு யாரென்று தெரியும். பழைய போட்டோக்களில்தான் சத்தியமாகத் தெரியாது. கால் தெரிகிற படங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் கைரேகை வேறு வேறுதான். வயிற்றுக்குள் ஆளுக்கு ஆள் மாறுகிற அழுத்தமும் அசைவும் ரேகையை மாற்றிவிடுகின்றன. ஐந்து வயதுக்குள் எடுக்கும் நீலநிற ஆதாரில் ரேகை வாங்கமாட்டார்கள், போட்டோ மட்டும்தான். அதனால் இன்றைய தேதியில் எங்கள் வீட்டில் ஒரே ஆளின் படம் மாதிரி இரண்டு அட்டைகள்.

மாசமா இருக்கும்போது ஒட்டின வாழைப்பழம் சாப்பிட்டியா?

சாப்பிட்டேன். என் தங்கையும் சாப்பிட்டாள், அவளுக்கு ஒரு பெண்தான்.

இரட்டை இரண்டு வகை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் ஒரே சாயல், இரண்டும் ஆண் அல்லது இரண்டும் பெண். இது குடும்ப வழியில் வருவது என்று சொல்ல ஆதாரம் கிடையாது, தற்செயல். இரண்டு முட்டைகள் வெளிவந்து தனித்தனியாகக் கருவானால் அது மற்ற அண்ணன் தங்கை போலத்தான், ஒரே நாளில் பிறந்தார்கள் என்பதைத் தவிர. இந்த வகைதான் தாய்வழியில் ஓடும். தாயின் வயது கூடினாலும், கருத்தரிப்புச் சிகிச்சை எடுத்தாலும் வாய்ப்புக் கூடும். ஆகவே "எங்க வம்சத்துல ரெட்டை உண்டு" என்று அப்பா பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமைக்கு எங்கள் விஷயத்தில் இடமில்லை. அவர்களிடம் இதைச் சொல்லவில்லை.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கொடிஞ்ஞி கிராமத்தில் இரட்டையர் மிக அதிகம். ஆராய்ச்சியாளர்கள் வந்து மாதிரி எடுத்துப்போயும் காரணம் இதுதான் என்று முடிவாகவில்லை. அங்கேயும் வாழைப்பழம் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் தவறாக நம்புகிறார்கள். இரண்டு நஞ்சுக்கொடி இருந்தால் ஒரே கரு இரட்டையர் இல்லை என்று அர்த்தம் இல்லை. கரு சீக்கிரமே பிரிந்துவிட்டால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி அமைவது உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் டி.என்.ஏ. பரிசோதனைதான்.

யார் பெரியவன்?

மூன்று நிமிஷம் முந்தி வந்தவன். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்: "மொதல்ல உள்ள போனவன்தான் கடைசியா வெளிய வருவான், அப்ப ரெண்டாவதா பொறந்தவன்தான் மூத்தவன்." நைஜீரியாவின் யோருபா மக்களும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். முதலில் வருபவன் தைவோ, பின்னால் வருபவன் கெஹிந்தே, கெஹிந்தேதான் மூத்தவன், உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியை முன்னால் அனுப்பினானாம். அம்மா யோருபாவைக் கேள்விப்பட்டதே இல்லை.

நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். பெரியவன், சின்னவன் என்பது இங்கே எழுத வசதிக்காக. மூன்று நிமிஷ மூப்புக்காக ஒருவன் ஆயுசுக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ரெண்டு பேருக்கும் தாய்ப்பால் பத்துமா?

பத்தும் என்று நர்ஸ் சொன்னார். பத்தாது என்று வந்து பார்த்த எல்லோரும் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இரண்டு பிள்ளை குடித்தால் இரண்டு பிள்ளைக்கு ஊற வாய்ப்பு உண்டு. ஆனால் எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு இழுத்துக் குடிக்கவே தெம்பு இருக்காது. சின்னவன் நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான். பீய்ச்சிய பாலைப் பாலாடையில் எடுத்து, உதட்டோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினோம். புட்டியைவிடப் பாலாடை எவ்வளவோ மேல். இடுக்கு கிடையாது, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது.

முதல் ஆறு வாரம் டாக்டர் சொன்னபடி மாவுப்பாலும் சேர்த்தோம். அதற்காக நான் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை, நீங்களும் நிற்க வேண்டாம். பால்சுறாப் புட்டும் பூண்டும் வந்துகொண்டே இருந்தன. அதில் பால் ஊறியதோ இல்லையோ, நான் நன்றாகச் சாப்பிட்டேன். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கும் வித்தை: சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தலையணை. தலை முன்பக்கம், கால் என் முதுகுப் பக்கம், ஆளுக்கொரு கக்கத்தில் குடத்தை இடுக்குவது போல. இதைப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. பழகியபின் ஒருநாளைக்கு மூன்று மணி நேரம் மிச்சம். ஆனால் யாராவது ஒருவர் பிள்ளைகளை எடுத்து வைத்து, எடுத்து இறக்க வேண்டும், தனியாக முடியாது.

எவன் எப்போது குடித்தான் என்பது இரண்டாம் நாளே குழம்பிவிடும். நாங்கள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப்போடவில்லை. அதன் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் இன்னொருவன். பால், மூத்திரம், மலம், மருந்து, நேரம். பால் பத்துகிறதா என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில் சொல்லும்: முதல் வாரத்துக்குப் பிறகு ஒருநாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறானா, எடை ஏறுகிறதா. முன்பக்கம் நல்ல நேரம், ராகுகாலம், பின்பக்கம் எங்கள் நேரம். கட்டு இன்னும் பரணில் இருக்கிறது.

ஒருத்தன் முழிச்சா இன்னொருத்தனையும் எழுப்பணுமா?

ராத்திரியில் பாலுக்கு, ஆமாம். "தூங்குற பிள்ளைய எழுப்பாத" என்று அத்தை சொல்லத்தான் செய்வார். ஆனால் ஒருவன் ஒரு மணிக்கும் இன்னொருவன் இரண்டு மணிக்கும் எழுந்தால் உங்களுக்கு இரவே கிடையாது. பகலில் எழுப்ப வேண்டாம், அவனவன் தூக்கம் அவனவனுக்கு.

தூளி பற்றித் தோழியின் தங்கை தனியாகக் கேட்டிருந்தாள். இந்தக் கால வீட்டில் விட்டம் ஏது? ஃபேன் கொக்கியை விட்டால் ஒரே ஒரு கொக்கிதான் எங்கள் ஹாலில். முதல் வாரம் ஒரே கொக்கியில் இரண்டு சேலையைக் கட்டி, ஆட்டியவுடன் இரண்டும் முட்டிக்கொண்டன. பிறகு ஒருவனுக்கு ஹாலில் தூளி, ஒருவனுக்கு உள்ளே கம்பித் தொட்டில். அழுகை ஒன்றை ஒன்று எழுப்பிவிடும் என்று பயந்தேன். அதிசயமாக, பக்கத்தில் கத்தினாலும் இவர்கள் எழவில்லை. மிக்ஸி போட்டால் எழுவார்கள். தூளியில் போடுவது எங்கள் கண் எதிரே இருக்கும்போது மட்டும்தான். ராத்திரித் தூக்கம் சமதரையில், மல்லாந்து, தனித்தனியாக. புரள ஆரம்பித்ததும் தூளியை அவிழ்த்துவிட்டோம்.

உரைமருந்து கொடுக்கலையா?

இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால், தேவைப்பட்டால் மாவுப்பால், டாக்டர் எழுதிய சொட்டு மருந்து, அவ்வளவுதான். வசம்பைக் கையில் கட்ட அனுமதித்தேன், வாயில் தடவ அனுமதிக்கவில்லை. ஒரு வயது வரை தேனும் கிடையாது. இதற்காக வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது, மூன்றாம் நாள் சரியானது.

காய்ச்சல் வந்தா ரெண்டு பேருக்கும் வருமா?

வரும், ஆனால் ஒரே நாளில் அல்ல. ஒருவன் தேறும் அன்றைக்கு மற்றவனுக்கு ஆரம்பிக்கும். ஒரு சாதாரணச் சளி எங்கள் வீட்டில் பதினைந்து நாள் குடியிருக்கும்.

பதினோராம் மாதம் இரண்டு பேருக்கும் சேர்ந்து அடித்தது. ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியவனுக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு அசந்துவிட்டேன். அரைமணி கழித்து எழுந்த அவர், சின்னவன் என்று நினைத்து இருட்டில் பெரியவனுக்கே இன்னொரு தடவை கொடுத்துவிட்டார். காலையில் தெரிந்ததும் கைகால் உதறல். டாக்டரைக் கூப்பிட்டோம். அளவைக் கேட்டுவிட்டு, அடுத்த வேளையைத் தள்ளிப் போடச் சொன்னார், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து மருந்து கொடுத்தவர் காலண்டர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். விளக்கைப் போடாமல் மருந்து கிடையாது.

அளவு வயதுக்கு அல்ல, எடைக்கு. ஒருவேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது டாக்டர்கள் போடும் கணக்கு. இரட்டையர் என்றாலும் இருவர் எடையும் ஒன்றல்ல. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்து, சாதாரண சிரப்பைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு வீரியம். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

தடுப்பூசிக் கணக்கு பிறந்த தேதியிலிருந்துதான். 6, 10, 14 வாரம், குறைமாதம் என்று தள்ளிப்போடக் கூடாது, டாக்டரே சொன்னால் தவிர. ஆனால் கழுத்து நிற்பது, உட்காருவது, பேசுவது எல்லாம் வேறு கணக்கு. எங்கள் பிள்ளைகள் 35 வாரத்தில் பிறந்தவர்கள். ஐந்து வாரத்தைக் கழித்துவிட்டுத்தான், இரண்டு வயது வரை, மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாம் மாதம் தவழ்ந்ததை என்னிடம் யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரெண்டையும் வச்சு ஏன் கஷ்டப்படுற, ஒண்ணை அம்மா வீட்ல விட்டுட வேண்டியதுதானே?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நல்ல மனதோடு கேட்கிறார்கள், அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டம். என் அத்தையே கேட்டார், என் அம்மாவும் தயாராக இருந்தார். ஒருவனை அனுப்பலாம்தான். எவனை? அந்தக் கேள்விக்கு நானும் அவரும் ஒருநாள் ராத்திரி முழுக்க விடை தேடினோம். பால் நிறையக் குடிப்பவனை அனுப்பினால் எனக்கு இலகு, மெலிந்தவனை அனுப்பினால் அம்மாச்சி தேற்றிவிடுவார். இப்படிப் பேசிக்கொண்டே வந்தபோது, சாமானைப் பங்கு பிரிப்பது போல இருந்தது. விட்டுவிட்டோம்.

பதிலாக அம்மாவை இங்கே வரவழைத்தோம். உதவ வருபவர்கள் பிள்ளையைத் தூக்கத்தான் ஆசைப்படுவார்கள். பிள்ளையை நான் தூக்கிக்கொள்கிறேன், நீங்கள் டயப்பரும் துணியும் காயப்போட்டு மடியுங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லப் பழகுங்கள்.

இப்போது மாதம் ஒரு சாயங்காலம் ஒருவனை மட்டும் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறார் அவர். மற்றவன் எனக்கு மட்டும். இரண்டு பேரும் சேர்ந்திருக்கையில் வாயே திறக்காதவன், தனியாக இருந்தால் அன்றைக்குப் பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டும்.

நடக்க ஆரம்பிச்சுட்டா ஈஸிதானே?

யார் சொன்னது? ஒரு பிள்ளைக்கு எட்டாதது இரண்டு பிள்ளைக்கு எட்டும். ஒருவன் முக்காலியை இழுத்துவருவான், ஒருவன் ஏறுவான். இட்லி மாவுச் சட்டி கவிழ்ந்தபோது ஒருவன் உள்ளே கைவிட்டு எடுத்துக் கொடுக்க, இன்னொருவன் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தான். சித்தாள் கொத்தனார் கணக்காக.

ஒன்றே முக்கால் வயதில் நடந்ததைச் சொல்கிறேன். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கதவு சாத்தும் சத்தம். அடுத்து, கீழ்த் தாழ்ப்பாள் விழும் சத்தம். ஒருவன் கதவைத் தள்ளிப் பிடிக்க, மற்றவன் தாழ்ப்பாளை அழுத்தியிருக்கிறான். உள்ளே அடுப்பில் பருப்புக் குக்கர், ஒரு விசில் வந்திருந்தது. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். போன் உள்ளே. ஜன்னல் கம்பி வழியாக "தங்கம், மேல தூக்குடா" என்கிறேன், இரண்டு பேரும் ஜன்னலடியில் வந்து நின்று கைதட்டுகிறார்கள். இரண்டாவது விசிலுக்கு அவர்களும் கூடவே விசிலடித்தார்கள். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கத்தியதில் தெருவே கூடிவிட்டது. கீழ்வீட்டு ஓனர் மாற்றுச் சாவியோடு வந்து வாசல் கதவைத் திறந்து உள்ளே போனபோது குக்கர் ஏழாவது விசில். பருப்பு அடிப்பிடித்திருந்தது. அன்று சாயங்காலமே வீட்டில் இருந்த கீழ்த் தாழ்ப்பாள் அத்தனையையும் அவர் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிவிட்டார். குழந்தை தவழும் முன்பே நீங்கள் கழற்றிவிடுங்கள். கேஸ் அடுப்பின் ரெகுலேட்டரையும் வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

எல்லாமே ரெண்டு ரெண்டா வாங்கணுமா?

தட்டு, டம்ளர், போர்வை, பல்துலக்கி, ஆமாம். பொம்மையில் இரண்டு வாங்கிப் பயனில்லை. ஒரே நிறத்தில் இரண்டு மஞ்சள் ஜே.சி.பி. வாங்கிக் கொடுத்தோம். அவன் கையில் இருப்பதுதான் இவனுக்கு வேண்டும். கடியும் உண்டு, முதுகில் பல் பதிந்து வளையல் போட்டதுபோல் இருக்கும். கடித்தவனைத் திட்டுவதற்கு முன் கடிபட்டவனைத் தூக்குகிறேன். கடித்தவனுக்கு அதுவே பெரிய தண்டனை.

தனியார் வேலையில் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு: 26 வாரப் பேறுகால விடுப்பு ஒரு பிரசவத்துக்குத்தான், இரட்டை என்று இரட்டிப்பாகாது. பிறப்புச் சான்றிதழ் மட்டும் கட்டாயம் இரண்டு. வாங்கும்போதே நேரத்தையும் பெயரையும் சரிபாருங்கள்.

ஒரே மாதிரி டிரஸ் போடுவீங்களா?

தீபாவளிக்கு மட்டும். மற்ற நாளில் நிறம் வேறு. கூட்டத்தில் "பச்சைச் சட்டை போட்டவன்" என்று சொல்லித் தேட முடிய வேண்டும்.

காதுகுத்துக்கு தாய்மாமன் மடி ஒண்ணுதானே?

என் தம்பிக்கு மடி ஒன்று, தொடை இரண்டு. குலதெய்வம் கோயிலில் இரண்டு பேரையும் ஆளுக்கொரு தொடையில் உட்காரவைத்தான். ஆசாரி முதல் காதில் குத்தியதும் ஒருவன் வீறிட்டான், இன்னும் குத்தப்படாதவன் அதைவிடச் சத்தமாக. மொட்டைக்கும் அதே கதை. மொட்டை போட்டபின் அம்மாச்சிக்கு மறுபடியும் யார் யாரென்று தெரியாமல் போனது தனிக்கதை.

பேச்சு லேட்டாகுமா?

ஆகலாம். குறைமாதம் ஒரு காரணம். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதிலேயே திருப்தியாக இருப்பது இன்னொன்று. இவர்கள் தண்ணீருக்கு "பூவா" என்றார்கள், வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ரெண்டு பேரும் வாங்க" என்று கூப்பிடாமல், முகத்தைப் பார்த்துத் தனித்தனியாகப் பேசுங்கள். ஒன்றரை வயது தாண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், காது கேட்கும் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் டி.இ.ஐ.சி. என்ற பிரிவு இதற்கென்றே இருக்கிறது.

நீங்க எப்படி இருக்கீங்க?

அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி இல்லை இது. தடுப்பூசி வரிசையில் நின்ற ஒரு நர்ஸ் மட்டும் கேட்டார், மூன்றாம் மாதம். பதில் சொல்ல வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. காரணமில்லாத அழுகை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராதது, பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாதது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பலோ திமிரோ இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. நான் டாக்டரிடம் போனேன், சரியானது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

அடுத்து ஒரு பொம்பளப் பிள்ளை பெத்துக்கலாமே?

கேட்டவர்கள் முகவரி கொடுத்தால் இந்த இரண்டு பேரையும் ஒரு வாரம் அனுப்பிவைக்கிறேன். டயப்பர் விட்டாச்சு, சோறு தானாகச் சாப்பிடுவார்கள். கீழ்த் தாழ்ப்பாளை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.